சின்னக் கொம்பு மானைச் சுடாமல் விடுவதில் உண்மையிலேயே பயன் உண்டா?

கேள்வி: வேளச்சேரி நைட் ஷிஃப்ட்

வேட்டையைப் பற்றி இங்கே கேட்டால் நாலு பேர் திட்டுவீர்கள் என்று தெரியும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நடப்பது டெக்ஸாஸில், லைசென்ஸோடு, சீசனில், சட்டப்படி. நான் துப்பாக்கியைத் தொட்டதுகூட இல்லை. எனக்கு ஒரு விளக்கம் வேண்டும், அவ்வளவுதான்.

என் மச்சினன் ஹூஸ்டனில் வேலை பார்க்கிறான். ஆபீஸ் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஃபயெட் கவுண்டியில் ஒரு பண்ணை நிலத்தை வேட்டைக்காக லீஸுக்கு எடுத்திருக்கிறார்கள். இவனும் பங்கு போட்டிருக்கிறான். போன நவம்பரில் பரண்மேல் உட்கார்ந்திருந்தபோது ஓர் இளம் ஆண் மான் வந்து, சுடுவதற்கு வாகாகப் பக்கவாட்டில் நின்றிருக்கிறது. சின்னக் கொம்புதான், ஆனால் இரண்டு பக்கமும் கிளை விட்டிருந்தது. இவன் சுடவில்லை. வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டான்.

மாமியார், "பாவம் பார்த்து விட்டுட்டான், நல்ல பிள்ளை" என்று சந்தோஷப்பட்டார். மாமனார், "சுடப் போறதில்லைன்னா எதுக்குடா அவ்வளவு டாலர் கட்டினே?" என்றார். அதற்கு அவன், "பாவமெல்லாம் இல்லைப்பா, ரெண்டு மூணு வருஷம் விட்டா பெரிசாகும்" என்று எழுதினான். மாமியார் அதற்குப் பிறகு குழுவில் வாயே திறக்கவில்லை.

அடுத்த வாரம் அதே லீஸில் இன்னொருவர், கிளையே இல்லாத குச்சிக் கொம்பு மான் ஒன்றைச் சுட்டுவிட்டார். அதுவும் இளசுதான். ஆனால் அது சட்டப்படி சரியாம்! என் மச்சினன் விட்டதைச் சுட்டிருந்தால்தான் அபராதமாம். இதற்கு நடுவில் லீஸிலேயே மூத்தவர் ஒருவர், "சட்டம் அனுமதித்தாலும் இளசைத் தொடக் கூடாது" என்று சண்டை பிடித்து, இப்போது ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இளம் ஆணை விடுவதால் மான் கூட்டத்துக்கு நன்மையா, இல்லை சுவரில் மாட்டப் பெரிய கொம்பு வேண்டும் என்ற ஆசைதானா? இரண்டும் இளசு என்றால் ஒன்றைச் சுடலாம், மற்றதைச் சுடக் கூடாது என்பதில் என்ன அர்த்தம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பல்லாவரம் மூன்றாவது மாடி

இந்தியாவில் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோடு இந்தப் பேச்சு முடிந்துவிட்டது. வெளியூர் போய் நம் பிள்ளைகள் இதைப் பொழுதுபோக்காகச் செய்வது எனக்குப் பிடிக்கவில்லை. கேள்விக்கு இது பதில் இல்லைதான். மனசில் பட்டதைச் சொன்னேன்.

பதில்: ஆதம்பாக்கம் ரிடயர்ட்

பிடிக்காது என்பவர்களோடு எனக்கு வழக்கு இல்லை. என் மனைவியே அந்தக் கட்சி. பென்சில்வேனியாவின் நடுப்பகுதியில் ரொம்ப காலம் வேலை பார்த்து, அங்கே இருப்பவர்களோடு சேர்ந்து வேட்டைக்கும் போய், ஓய்வு பெற்றபின் ஊர் திரும்பியவன் நான். நீங்கள் கேட்கும் இதே விவாதம் அந்த மாநிலத்தை இரண்டாகப் பிளந்ததைக் கூடவே இருந்து பார்த்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் டெக்ஸாஸ் சட்டத்தை முடித்துவிடலாம். ஃபயெட் உட்பட ஆறு கவுண்டிகளில் 2002-இல் தொடங்கி, பின்னால் நூற்றுக்கும் மேற்பட்ட கவுண்டிகளுக்குப் பரவிய விதி அது. ஓர் ஆண் மானைச் சுட வேண்டுமென்றால், ஒரு பக்கக் கொம்பாவது கிளை விடாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால், இரண்டு கொம்புகளுக்கும் நடுவே உள்பக்க அகலம் 13 அங்குலமாவது இருக்க வேண்டும். பரண்மேல் உட்கார்ந்து ஸ்கேல் வைத்து அளக்க முடியாதே, அதற்கும் ஒரு வழி உண்டு. அங்கே வேட்டையாடும் வெள்ளைவால் மான் இனம் காதை விறைத்து உற்றுப் பார்க்கும்போது ஒரு காது நுனியிலிருந்து மறு காது நுனிவரை ஏறக்குறைய 13 அங்குலம். கொம்பு காதுக்கு வெளியே தெரிந்தால் சுடலாம், உள்ளே அடங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும். ஆக, உங்கள் மச்சினன் காட்டியது பெருந்தன்மை பாதி, அபராத பயம் பாதி. மாமனாருக்கு இதைச் சொல்லுங்கள், அவர் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

கிளைகளை எண்ணாமல் அகலத்தை ஏன் அளக்கிறார்கள் என்றால், அகலம் வயதை ஓரளவு காட்டிக்கொடுக்கும். ஒன்றரை வயசு மானுக்கு எட்டு முனை (கொம்புக் கிளைகளின் நுனி) இருந்தாலும் இருக்கும். ஆனால் 13 அங்குல அகலம் அநேகமாக இருக்காது.

குச்சிக் கொம்பை ஏன் அனுமதித்தார்கள்? கிளை விடாத கொம்பு உள்ளவை பெரும்பாலும் ஒன்றரை வயசு மான்கள். அந்த வயசில் சிலவற்றைச் சுட விட்டால் வேட்டைக்காரனும் வெறுங்கையோடு போக மாட்டான். அதே சமயம், அந்த வருஷத்து இளசுகளில் கொம்பு நன்றாக வந்தவை தப்பிக்கும். இது யோசித்துச் செய்த ஏற்பாடு. ஏனென்றால் மிசிசிப்பியில் நேர் எதிராகச் செய்து கையைச் சுட்டுக்கொண்டார்கள். 1995-இல் அங்கே மாநிலம் முழுக்க, "மொத்தம் நாலு முனை இருந்தால் சுடலாம்" என்று விதி போட்டார்கள். ஒன்றரை வயசிலேயே நன்றாக வளர்ந்தவைக்கு நாலு முனை வந்துவிடும், அவை உடனே செத்தன. மெலிந்தவை தப்பித்து வளர்ந்தன. சில வருஷம் கழித்துப் பார்த்தால் மூத்த மான்களின் கொம்பு பெரிதாவதற்குப் பதில், பல இடங்களில் சிறுத்திருந்தது. இளசைக் காப்பாற்றப் போட்ட சட்டம், இளசுகளில் நல்லதாகப் பார்த்துக் கொன்றது. பிறகு அங்கேயும் அகலத்தையும் கொம்பின் நீளத்தையும் அளக்கும் முறைக்கு மாறினார்கள்.

எங்கள் பென்சில்வேனியாவில் டெக்ஸாஸுக்குத் தலைகீழ். குச்சிக் கொம்பைத் தொடக் கூடாது. பெரும்பாலான பகுதிகளில் ஒரு பக்கம் மூன்று முனை, மேற்குப் பகுதியில் முதலில் நாலு முனை, பின்னால் அடிக்கிளையைச் சேர்க்காமல் மூன்று முனை இருந்தால்தான் சுடலாம். 2002-இல் வந்தது. அதற்கு முன்னால் அங்கே சுடப்பட்ட ஆண் மான்களில் பத்துக்கு எட்டு ஒன்றரை வயசுதான். யோசித்துப் பாருங்கள், முதல் கொம்பு முளைத்த வருஷமே சாவு. இரண்டரை வயசு ஆண் மானைப் பார்த்தவன் அதைப் பற்றி வருஷம் பூராவும் பேசுவான். இப்போது அந்தக் கணக்கு கவிழ்ந்துவிட்டது, சுடப்படுவதில் பெரும்பகுதி இரண்டரையும் அதற்கு மேலும்தான். ஆக, "விட்டால் வளருமா" என்றால் வளரும். அதில் சந்தேகமே இல்லை. முதல் கொம்பு, முழு வளர்ச்சிக் கொம்பில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். உடம்பு வளர்கிறவரை தீனியெல்லாம் எலும்புக்கும் சதைக்கும் போகும், மிச்சம்தான் கொம்புக்கு. ஐந்து வயசுக்கு மேல்தான் உச்சம்.

இதை முன்னின்று நடத்தியவர் கேரி ஆல்ட். கரடி ஆராய்ச்சியில் பேர் வாங்கியவர், மாநில வேட்டைத் துறையில் மான் பிரிவுக்குத் தலைமை ஏற்று ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பள்ளிக்கூட அரங்கங்கள் நிரம்பி வழியும். கூட்டத்தில் பாதி கைதட்டும், பாதி கத்தும். மிரட்டல்கள்கூட வந்தன. 2004 கடைசியில் விலகிக்கொண்டார். ஆனால் ஜனங்களுக்கு அவர்மேல் இருந்த பெரிய கோபம் கொம்பு விதியால் வந்ததல்ல. பெண் மான்களை அதிகமாகச் சுட வைத்தாரே, அதனால் வந்தது. உங்கள் முதல் கேள்விக்குப் பதிலும் அங்கேதான் இருக்கிறது.

மான் கூட்டம் பெருகுவதும் குறைவதும் பெண் மான்கள் கையில். ஓர் ஆண் பல பெண்களோடு சேரும். பத்து ஆணில் ஆறு செத்தாலும் அடுத்த ஜூனில் பிறக்கும் குட்டிகள் பெரிதாகக் குறையாது. அங்கே பல காலமாக ஆணை மட்டும் சுட்டு, "பெண்ணைச் சுடுவது பாவம்" என்று வளர்ந்த தலைமுறைகள். விளைவு, காட்டில் மான் எண்ணிக்கை தலைக்கு மேல் போய்விட்டது. ஓக் கன்று முளைத்தவுடன் தின்றுவிடும். பெரிய மரம் இருக்கிறது, கீழே பெரணியைத் தவிர ஒன்றும் இல்லை. குளிர்காலத்தில் மான் எலும்பும் தோலுமாகத் திரியும். இந்த நிலைமையில் இளம் ஆணை விடுவதால் மட்டும் காட்டுக்கு ஒரு நன்மையும் இல்லை. தின்னும் வாய்களைக் குறைக்கவில்லை என்றால், விட்ட ஆணும் சேர்ந்து தின்னும்.

சமூக ஒழுங்குக்கு நல்லது, பெரிய ஆண்கள் இருந்தால் இணைசேரும் பருவம் சுருக்கமாக முடியும், குட்டிகள் ஒரே நேரத்தில் பிறக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் மரபணுவைப் பார்த்து யார் யாருக்குத் தகப்பன் என்று ஆராய்ந்தபோது, பெரிய ஆண்கள் நிறைய இருக்கும் இடத்திலும் இளசுகள் கணிசமான குட்டிகளுக்குத் தகப்பனாகத்தான் இருந்திருக்கின்றன. என் கருத்தைக் கேட்டால், இளம் ஆணை விடுவது முக்கால்வாசி மனிதனின் ஆசைக்காக. அது கெட்ட ஆசை என்று நான் சொல்லவில்லை. எனக்கும் இருந்தது. பனியில் மூச்சுப் புகைய வரும் ஐந்து வயசு மானைப் பார்ப்பதே தனி. ஆனால் அதற்குத் தர்ம வேஷம் போட்டு, குச்சிக் கொம்பைச் சட்டப்படி சுட்டவனை மூத்தவர் திட்டுகிறாரே, அதுதான் எனக்குப் பொறுக்காது.

எங்கள் வேட்டைக் கேம்ப்பில் எழுபதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குளிர்காலத்துக்கு ஃப்ரீஸரில் கறி வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. புது விதி வந்த வருஷம் கண்பார்வை மங்கி, முனையை எண்ண முடியாமல், ஆண் மான் வந்தாலே துப்பாக்கியை இறக்கிவைத்துவிடுவார். அவரைப் போன்றவர்களுக்கு இதில் என்ன லாபம்? சிறுவர்களுக்குப் பழைய விதியையே வைத்தார்கள், ஜூனியர் லைசென்ஸ்காரன் குச்சிக் கொம்பையும் சுடலாம். அது நல்ல முடிவு. முதல் மானுக்காக நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயசுப் பிள்ளையிடம் போய் "முனையை எண்ணு" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கறி விஷயத்தில் நான் இளசுக் கட்சி. ஒன்றரை வயசு மானின் தொடைக்கறி மிளகு வறுவலுக்கு அருமையாக வரும். நாலு வயசுக் கிடாய் குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் முரண்டு பிடிக்கும்.

பதில்: காசிமேடு காலை ஐந்து மணி

நல்ல விளக்கம் சார். நாங்கள் மீனில் இதே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. ஆனால் தடை முடிந்து வலை போட்டால் விரல் நீளக் குஞ்சு மீன் கூடை கூடையாக வருகிறது, கோழித் தீவனத்துக்குப் போகிறது. கையளவு வஞ்சிரத்தைப் பார்த்தால் வயிறு எரியும். "ஒரு தரமாவது முட்டை போட விடு" என்றுதான் நாங்கள் சொல்கிறோம். மானுக்கும் அதே நியாயம்தானே?

பதில்: ஆதம்பாக்கம் ரிடயர்ட்

இல்லை ஐயா, உங்கள் நியாயம் இதைவிட வலுவானது. குஞ்சு மீனைப் பிடித்தால் முட்டை போடப் போகும் பெண்ணும் சேர்ந்து போய்விடுகிறது. நாளைக்கு மீனே இல்லாமல் போகும். இங்கே விடச் சொல்வது ஆண் இளசை மட்டும். அதை விட்டாலும் விடாவிட்டாலும் குட்டிகள் பிறந்துகொண்டுதான் இருக்கும். வஞ்சிரத்துக்குச் சட்டம் தேவை. கொம்புக்குச் சட்டம் தேவையா என்பதில் நான் இன்னும் அரை மனசுதான்.

பதில்: வேளச்சேரி நைட் ஷிஃப்ட்

சார், ரொம்ப நன்றி. மச்சினனுக்கு அப்படியே அனுப்பினேன். படித்துவிட்டு இரண்டு விஷயம் கேட்கிறான். இவர்கள் நிலம் சின்னது. விட்ட மான் வேலி தாண்டிப் போய்ப் பக்கத்து நிலத்துக்காரன் சுட்டால், இவன் விட்டதில் என்ன பலன்? அப்புறம், மான்களுக்கு ஏதோ மூளை நோய் பரவுகிறதாமே, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: ஆதம்பாக்கம் ரிடயர்ட்

இரண்டும் சரியான கேள்விகள். லீஸ் எடுப்பதற்கு முன் கேட்டிருக்க வேண்டியவை.

இளம் ஆண் மான் பிறந்த இடத்திலேயே தங்குவதில்லை. ஒரு வயசை ஒட்டி, பாதிக்கு மேற்பட்ட ஆண் மான்கள் தாய் இருக்கும் இடத்தை விட்டுக் கிளம்பிவிடும். பென்சில்வேனியாவில் கழுத்தில் ரேடியோ பட்டை கட்டிப் பின்தொடர்ந்தபோது பல மைல் தள்ளிப் போய்க் குடியேறியது தெரிந்தது. நெடுஞ்சாலையையும் ஆற்றையும் கண்டால் தயங்கும், மற்றபடி போய்க்கொண்டே இருக்கும். ஆக, போன நவம்பரில் அவன் விட்ட மான் இப்போது யார் நிலத்திலோ இருக்கலாம். யாரோ விட்டது இவன் நிலத்துக்கு வரலாம். குடியேறிய பிறகும் அது சுற்றும் பரப்பு ஒரு சதுர மைல் என்றால் 640 ஏக்கர். லீஸ் நூறு ஏக்கர் என்று வைத்துக்கொண்டால் அது ஒரு மூலைக்குத்தான் ஆகும். இதனால்தான் டெக்ஸாஸில் பக்கத்து நிலத்துக்காரர்கள் சேர்ந்து கூட்டுறவு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். அங்கே நிலம் ஏறக்குறைய எல்லாமே தனியார் சொத்து, பேசி முடித்தால்தான் நடக்கும். உறுப்பினர்களுக்குள்ளேயே சண்டை போடுவதை நிறுத்திவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு ஒரு காபி குடிக்கச் சொல்லுங்கள், அதில் பலன் அதிகம்.

இன்னொன்று, இதை யாரும் பெருமையாகப் பேச மாட்டார்கள் என்பதால் சொல்கிறேன். இளம் ஆண்கள் வீணாகச் சாவதில் ஒரு பங்கு, பெண் மான் என்று நினைத்துச் சுடப்படுபவை. ஆறேழு மாதக் குட்டிக்குக் கொம்பு வெளியே தெரியாது, தலையில் இரண்டு மேடுதான். தூரத்திலிருந்து பார்த்தால் பெண் போலவே இருக்கும். சாயங்காலம் முதலில் தனியாகத் திறந்தவெளிக்கு வரும் சின்ன மான் பெரும்பாலும் ஆண் குட்டிதான். தாய்கள் உஷாராகப் பின்னால் நிற்கும். பக்கத்தில் இன்னொரு மான் வந்து நிற்கும்வரை காத்திருந்தால் உயரம் ஒப்பிட்டுப் பார்க்கலாம், தலை உச்சி தட்டையா உருண்டையா என்று பைனாகுலரில் பார்க்கலாம். "இளம் ஆண்களைக் காக்கிறோம்" என்று போர்டு மாட்டிய லீஸில்கூட இந்தக் குட்டிகள் செத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

நோயைப் பற்றி. நாட்பட்டு உடம்பை உருக்கும் நோய் அது. 1967-இல் கொலராடோவில், அடைத்து வளர்த்த மான்களில் முதலில் தெரிந்தது. உருமாறிய ஒரு புரதம்தான் காரணம், மாடுகளுக்கு வந்த பைத்திய நோயின் வகையறா. விஸ்கான்சினில் 2002, பென்சில்வேனியாவிலும் டெக்ஸாஸிலும் 2012. மருந்து கிடையாது, தடுப்பூசி கிடையாது, மண்ணில் விழுந்தால் வருஷக்கணக்கில் கிடக்கும்.

இதற்கும் நம் விஷயத்துக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. நோய் கண்ட இடங்களில் முதிர்ந்த ஆண்களுக்குத் தொற்று அதிகம், முதிர்ந்த பெண்களைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. ஆண் நிறையச் சுற்றும், நிறைய மான்களோடு பழகும், சண்டை போடும், எங்கெங்கோ மோந்து நக்கும். அப்படிப்பட்டவற்றை ஐந்து வயசுவரை பாதுகாத்து வைத்தால் நோயைப் பாதுகாத்து வைத்த மாதிரி ஆகும். இடம் மாறிப் போவதும் இளம் ஆண்தான், நோயைப் புது ஊருக்குக் கொண்டுபோவதில் அதற்கும் பங்கு உண்டு. இதனால்தான் மிசூரி மாநிலத்தில் நோய் கண்ட கவுண்டிகளில் முனை எண்ணும் விதியை எடுத்தார்கள். நோய் இல்லாத ஊரில் இளசை விடு, நோய் வந்த ஊரில் விடாதே. என்னைக் கேட்டால் இதைவிட எளிமையாகச் சொல்ல முடியாது. கொம்புப் பிரியர்களுக்கு இது கசக்கும், என் பழைய கேம்ப் நண்பர்களே என்னோடு இதற்காக மல்லுக்கு நிற்பார்கள்.

மனிதனுக்குப் பரவியதாக இதுவரை உறுதியாகவில்லை. இருந்தாலும் நோய்ப் பகுதியில் சுட்ட மானைப் பரிசோதனைக்கு அனுப்பி, நோய் இல்லை என்று முடிவு வந்த பிறகு சாப்பிடு என்பதுதான் அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு அமைப்பான சி.டி.சி. சொல்லும் அறிவுரை. இவர்களுடைய கவுண்டி நோய் மண்டலத்தில் வருகிறதா என்று ஒவ்வொரு சீசனுக்கு முன்பும் டெக்ஸாஸ் வனவிலங்குத் துறையின் வரைபடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், எல்லை மாறிக்கொண்டே இருக்கும்.

பதில்: குன்னூர் பேரன், இப்போது அண்ணா நகர்

இந்த "முதிர்ந்ததை மட்டும்" என்ற எண்ணம் நம் ஊருக்குப் புதிதல்ல. நீலகிரியில் 1877-லேயே வேட்டைக்காரர்கள் சங்கம் வைத்து, 1879-இல் அதற்குச் சட்டமும் வந்தது. அவர்கள் வரையாட்டில் தேடியது முதுகில் வெள்ளை படர்ந்த முதிர்ந்த கிடாயைத்தான். என் தாத்தா காலத்தில் துரைமார்களுக்கு வழிகாட்டப் போனவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். அப்புறம் அந்தச் சங்கமே வனப் பாதுகாப்புச் சங்கமாக மாறிவிட்டது. சும்மா தகவலுக்காக.

பதில்: கிண்டி காலை நடை

வேட்டை தெரியாது, ஆனால் ஐ.ஐ.டி. வளாகத்துக்குள் குடியிருந்ததால் மான் தெரியும். கிண்டி தேசியப் பூங்கா மொத்தமே 2.7 சதுர கிலோமீட்டர்தான், ஐ.ஐ.டி.யும் அந்தக் காட்டிலிருந்து பிரித்துக் கொடுத்த இடம். இங்கே புள்ளிமானுக்கு நீங்கள் சொல்வது போல ஒரு சீசன் கிடையாது சார். ஒரே நாளில் ஒன்று வெல்வெட் தோல் மூடிய கொம்போடு நிற்கும், ஒன்று முழுக் கொம்போடு கத்திக்கொண்டு திரியும், ஒன்று மொட்டைத் தலையோடு மேயும். அப்படியென்றால் கொம்பைப் பார்த்து வயசு சொல்வது எப்படி? இங்கே சுடுவதும் இல்லை, ஆண் மான்களைக் கொல்வது நாய்களும் வயிற்றில் போகும் பிளாஸ்டிக்கும்தான்.

பதில்: ஆதம்பாக்கம் ரிடயர்ட்

சரியாகப் பிடித்தீர்கள். வெள்ளைவால் மானுக்கு எல்லாமே வெயில் நேரக் கணக்கு. பகல் குறைய ஆரம்பித்தால் வெல்வெட் உரியும், குளிர் கடந்தால் கொம்பு விழும், எல்லா ஆணுக்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில். அதனால்தான் "நவம்பரில் இந்தக் கொம்பு என்றால் இந்த வயசு" என்று ஒரு குத்துமதிப்பாவது சொல்ல முடிகிறது. அதிலும் கொம்பைவிட உடம்பை நம்புவது நல்லது. கால் நீளமாகவும் இடுப்பு ஒடுங்கியும் இருந்தால் இளசு. கழுத்து தோளோடு ஒன்றாகி, வயிறு தொங்கி, கால் குட்டையாகத் தெரிந்தால் முதிர்ந்தது. சுட்ட பிறகு உறுதி செய்யப் பல் இருக்கிறது. கீழ்த் தாடையில் மூன்றாவது முன்கடைவாய்ப் பல்லுக்கு மூன்று முகடு இருந்தால் அது பால்பல், ஒன்றரை வயசைத் தாண்டவில்லை. விழுந்து இரண்டு முகட்டுப் பல் முளைத்திருந்தால் தாண்டிவிட்டது. ஒவ்வொரு மானின் தாடையையும் எடுத்து வைத்து, லீஸில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மூன்று நாலு சீசனில் அவர்கள் கொள்கை பலிக்கிறதா இல்லையா என்று அந்தத் தாடைகளே சொல்லிவிடும். மூத்தவர் கத்தவும் தேவையில்லை.

புள்ளிமான் பேச்சு வந்ததால் ஒரு வேடிக்கை. கிண்டியில் திரியும் இதே புள்ளிமான் இனத்தை 1930களில் டெக்ஸாஸுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இப்போது அங்கே மலைப்பாங்கான ஹில் கண்ட்ரி பக்கம் ஆயிரக்கணக்கில் திரிகிறது. அங்கே அது வெளிநாட்டு விலங்கு. வேட்டை லைசென்ஸ் இருந்தால், நிலத்துக்காரர் அனுமதியோடு வருஷம் முழுக்க எத்தனை வேண்டுமானாலும் சுடலாம். இளசு, முதிர்ந்தது, அகலம், முனை என்று எந்த விதியும் கிடையாது. கறிக்காகத்தான் உங்கள் மச்சினனுக்கு வேட்டை என்றால், வெள்ளைவாலை எல்லாரும் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டுப் புள்ளிமான் பக்கம் போகச் சொல்லுங்கள். சட்டத்துக்கும் சரி, அந்த ஊர்ச் செடிகொடிக்கும் நல்லது, ருசியும் அதிகம்.

பதில்: வேளச்சேரி நைட் ஷிஃப்ட்

சார், தாடை யோசனை லீஸில் எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். குச்சிக் கொம்பைச் சுட்டவர் ஃப்ரிட்ஜில் வைத்திருந்த தலையை எடுத்துப் பல்லைப் பார்த்திருக்கிறார். மூன்று முகடு. "நான்தான் சொன்னேனே" என்று இரண்டு பக்கமும் சொல்கிறதாம்.

கடைசியாக ஒன்று. புள்ளிமான் சுட்டால் கொம்பை அடுத்த லீவுக்குச் சென்னைக்குக் கொண்டுவந்து மாமனார் வீட்டு ஹாலில் மாட்டலாமா என்று கேட்கிறான்.

பதில்: ஆதம்பாக்கம் ரிடயர்ட்

வேண்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள். இங்கே புள்ளிமான் கொம்பு, தானாக உதிர்ந்து ஐ.ஐ.டி. ரோட்டோரம் கிடந்தாலும் எடுத்து வீட்டில் வைக்கக் கூடாது, அது அரசாங்கச் சொத்து. ஹாலில் மாட்டியிருப்பதைப் பார்த்து யாராவது வனத்துறைக்குப் போன் போட்டால், "இது டெக்ஸாஸ் மான்" என்று மாமனார் எப்படி நிரூபிப்பார்? மீனம்பாக்கத்தில் கஸ்டம்ஸ்காரரிடமும் அதே கதைதான் சொல்ல வேண்டிவரும். ஹூஸ்டன் வீட்டிலேயே மாட்டிக்கொள்ளட்டும். அப்படியே அந்தப் புள்ளிமான் கறியில் பின்தொடையை மட்டும் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள், வறுவல் பக்குவம் நான் அனுப்புகிறேன்.